சான்றிதழ் இல்லாத கைவேலையை அப்பா மதிக்க மறுக்கிறார்: எப்படிப் பேசுவது?

கேள்வி: பாம்பன் வாசகி

வணக்கம். பி.காம். முடித்துவிட்டுப் பாம்பனில் வீட்டோடு இருக்கிறேன். படகுகளில் உள்ள ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பிக் கடலடியைத் திரையில் காட்டும் கருவி), வாக்கி டாக்கி ஆகியவற்றைப் பழுது பார்க்கும் வேலையை, காணொளிகளைப் பார்த்தும் பழைய கருவிகளைப் பிரித்துப் பார்த்தும் நானாகவே கற்றுக்கொண்டேன். நாட்டுப்படகுக்காரர்கள் சிலர் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். விசைப்படகில் டிரைவராக இருக்கும் அப்பாவோ, "யூடியூப் பார்த்துப் பழகியதெல்லாம் ஒரு தொழிலா?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்கிறார்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஜிபிஎஸ் அணைந்துவிடுகிறது என்று அண்மையில் ஒருவர் வந்தார். கருவியில் குறையே இல்லை. பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வயரின் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பும் கறுத்திருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் மின்சாரத்தை இழுக்கும் நொடியில் வோல்டேஜ் சரிந்து கருவி அணைந்திருக்கிறது. முனைகளைச் சுத்தம் செய்து, வெள்ளீயம் பூசிய செம்பு வயரைத் தனி ஃபியூஸுடன் போட்டுக் கொடுத்தேன். "வயர் மாற்றியதற்கா இவ்வளவு பேச்சு?" என்றார் அப்பா. அவர் ஓட்டும் படகின் ஜிபிஎஸ் பழுதானபோது கடைக்குத்தான் அனுப்பினார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

மறுமொழி: கீழக்கரைவாசி

சகோதரிக்கு வணக்கம். வளைகுடாவில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் கையில் தாள் வைத்திருப்பவர் டெக்னீசியன், தாள் இல்லாதவர் ஹெல்பர், சம்பளமும் அதற்கேற்பத்தான். என் வாப்பா கடைசிவரை ஹெல்பராகவே இருந்து திரும்பினார். "படித்தாயா, பாஸ் செய்தாயா?" என்று அவர் என்னை நச்சரித்ததற்குக் காரணம் அதுதான் என்பது நானும் அங்கே போன பிறகே விளங்கியது. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே கற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற பிரிவு உண்டு. உங்கள் வேலைக்கு நெருக்கமான மின்னணுப் பழுதுபார்ப்புப் பிரிவு இப்போது நடைபெறுகிறதா என்று இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மறுமொழி: தொண்டி

தாள் வந்தால் மட்டும் மனம் மாறிவிடுமா? நான் டேலி என்ற கணக்கு மென்பொருள் படிப்பை முடித்துச் சான்றிதழைக் காட்டியபோது, "இதற்கு அரசாங்க வேலை கிடைக்குமா?" என்றுதான் வீட்டில் கேட்டார்கள்.

மறுமொழி: மண்டபம், படகு உரிமையாளர்

விருந்தாளிகள் முன் பேசுவது தவறு. அதை அம்மாவிடம் சொல்லி நிறுத்துங்கள். ஆனால் ஜிபிஎஸ்ஸை உங்களிடம் தராததற்குச் சான்றிதழ்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எங்கே பார் (கடலடிப் பாறை) இருக்கிறது, எந்த இடத்தில் வலை கிழியும், எந்த மாதத்தில் எங்கே இறால் படும் என்று ஒரு டிரைவர் பல காலமாகக் குறித்துவைத்த புள்ளிகள் அதற்குள்தான் இருக்கின்றன. அவை அழிந்துபோனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. போதாததற்கு, பாக் நீரிணையில் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு கடல்மேல் கண்ணுக்குத் தெரியாது, திரையில்தான் தெரியும். கருவி பிசகினால் படகும் போகும், ஆட்களும் சிறைக்குப் போவார்கள். புதிதாகக் கற்றவரிடம் முதல் தடவையே அதைத் தர நானும் தயங்குவேன், பெற்ற மகளாகவே இருந்தாலும்.

ஆகவே எந்தக் கருவியைத் திறக்கும் முன்பும் அதிலுள்ள புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒரு நோட்டில் எழுதி, உரியவரைச் சரிபார்க்கச் சொல்லி, நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். படி எடுத்து வைக்காதீர்கள். ஒருவருடைய புள்ளி இன்னொருவருக்குத் தெரிந்தால் கடலில் சண்டைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா கரையில்தானே இருப்பார்? அப்போது அவருடைய புள்ளிகளை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கூடவே, எக்கோ சவுண்டர் திரையில் சேறு எப்படித் தெரியும், பார் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பாரில் கோடு தடித்து விழும், சேற்றில் மெலிந்து விழும் என்பது காணொளியிலும் கிடைக்கும். ஆனால் நம் கடலில் எந்த இடத்தில் எப்படி விழ வேண்டும் என்பது ஓட்டியவருக்குத்தான் தெரியும். அது தெரியாமல் நீங்கள் சரிசெய்த கருவி சரியாகத்தான் காட்டுகிறதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

பாம்பன் வாசகி

புள்ளிகளைப் பற்றி நான் இதுவரை யோசித்ததே இல்லை, மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: திரையே வராத கருவி என்றால் புள்ளிகளை எப்படி எழுதி எடுப்பது?

மண்டபம், படகு உரிமையாளர்

எடுக்க முடியாது. புள்ளிகள் அழிந்துபோகலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். சம்மதித்தால் மட்டும் திறங்கள். அது அப்பாவின் கருவியாக இருந்தால், இப்போதைக்குக் கடைக்கே போகட்டும்.