கொடைப் படத்துல செவ்வரளி மாலை அப்பிக்கிட்டு வருது. லென்ஸ் போச்சா?

பொருநைக்கரையான்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஊரு சேரன்மகாதேவி பக்கம், கையில இருக்கது பழைய கேனான் 700டி. போன செவ்வாக்கிழமை எங்க முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா. மதியக் கொடைக்கு எடுத்த படத்துல அம்மன் கழுத்து மாலை தனித்தனிப் பூவாத் தெரியல. சிவப்புப் பெயிண்டை வாரி அப்புன மாதிரி கெடக்கு. பட்டுல மடிப்பையே காணோம். பக்கத்துல வேப்பிலை மட்டும் நரம்போட தெரியுது. கேமரா காட்டுத வெளிச்ச வரைபடம், அதான் ஹிஸ்டோகிராம், வலது ஓரத்தைத் தொடல, அதனால வெளிச்சம் மிஞ்சல. ஜேபெக் மட்டுந்தான் எடுத்தேன். லென்ஸ் போயிட்டுன்னு தம்பி சொல்லுதான்.

அம்பை ஃபிலிம்ரோல்:
லென்ஸை வித்துறாதீரும் வே. கேமரா படத்துக்கு நிறம் கூட்டிக் கொறைக்க பிக்சர் ஸ்டைல் எதுல கெடக்கு?

பொருநைக்கரையான்:
லேண்ட்ஸ்கேப். சாச்சுரேஷன், அதான் நிற அடர்த்தி, +3. முந்தின ஞாயித்துக்கிழமை மணிமுத்தாறு போனோம், வயல் பச்சையா வரட்டும்னு ஏத்துனேன். எறக்க மறந்துட்டேன்.

அம்பை ஃபிலிம்ரோல்:
சாம்பாருக்கு அளந்த உப்பைப் பாயாசத்துல போட்டிருக்கீரு. ஜேபெக்ல ஒவ்வொரு நிறத்துக்கும் 0லருந்து 255 வரைக்குந்தான் எடம். செவ்வரளி வெயில்ல ஏற்கெனவே உச்சியில நிக்கும், நீரு மேல தள்ளுனா எல்லா இதழும் 255ல முட்டி ஒண்ணாயிரும். நீரு பாத்தது வெளிச்ச ஹிஸ்டோகிராம். அதுல பச்சைக்குத்தான் பங்கு அதிகம், சிவப்பு முட்டுனது தெரியாது. மெனுவுல சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக் காட்டுத ஆர்ஜிபி-ன்னு மாத்தி வையும்.

நானும் பட்டவன்தான். ஒரு கல்யாணத்துல முகூர்த்தப் பட்டு இப்படித்தான் போச்சு. ஆல்பத்தைப் பாத்துட்டு பொண்ணோட அம்மா, "புட்டா எங்க போச்சு தம்பி?"ன்னாவ. பதில் இல்ல.

இப்ப கொடைக்கு நான் வைக்கது நியூட்ரல் ஸ்டைல், சாச்சுரேஷன் 0, கான்ட்ராஸ்ட் -1. நியூட்ரல்ல ஷார்ப்னஸ் 0ல இருக்கும், அதை 2 ஆக்கிக்கிடும். வெளிச்சத்தையும் மூணுல ரெண்டு ஸ்டாப் கொறையும். இந்த ஸ்டைல் அளவை நம்ம சொந்த அளவைச் சேத்து வைக்க யூசர் டெஃப் 1ல போட்டு வச்சா வயலுக்கு ஏத்துனது கோயிலுக்கு வராது.

குறுக்குத்துறை:
இவ்வளவு பாடு எதுக்கு? ரா (RAW) ஃபைலா, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் படமா எடுத்தா ஸ்டைலைப் பெறவு கம்ப்யூட்டர்ல மாத்திக்கிடலாம்லா.

அம்பை ஃபிலிம்ரோல்:
மாத்தலாம். சாமக் கொடை முடியங்குள்ள பென்டிரைவ் கேக்குத கமிட்டிக்காரவகிட்ட ரா ஃபைலைக் கொடுத்துப் பாரும். ராவும் ஜேபெக்கும் சேத்து எடுத்தா நல்லது. ஆனா ரா ஃபைலா எடுத்தாலும் கேமரா காட்டுத ஹிஸ்டோகிராம் ஸ்டைல் போட்ட படத்துலருந்துதான் வரும். ஏத்தி வச்சிருந்தா அது முட்டாததையும் முட்டுனதாக் காட்டும்.

பொருநைக்கரையான்:
காலையில வாசல் அரளியை ரெண்டு விதமாவும் எடுத்தேன். நியூட்ரல்ல இதழ் விளிம்பு, உள்ள இருக்க வெளிர்க்கோடு எல்லாம் தெரியுது. வீட்டு வாட்சப்புல போட்டதுக்கு ஆச்சி மட்டும், "பூ ஏம்டே வாடிக் கெடக்கு?"ன்னு கேக்குதா.

அம்பை ஃபிலிம்ரோல்:
ஆச்சிக்கு அனுப்புததை மட்டும் ஸ்டாண்டர்டுல எடும்.