முருங்கை விதை போட்டுத் தெளிந்த தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

கிணற்றடி:
மழை பெய்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்த மாதிரி ஆகிவிடுகிறது. முருங்கை விதை போட்டால் தெளியும் என்று கேள்விப்பட்டு நாலு விதையை இடித்து ஒரு குடத்தில் போட்டேன். மறுநாள் காலை வரை வைத்தும் பாதிதான் தெளிந்தது, லேசாக வாடை வேறு. எங்கே தவறினேன்? தெளிந்துவிட்டால் அப்படியே குடிக்கலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

ஊற்று:
முதலில் விதையைப் பாருங்கள். மரத்திலேயே காய்ந்து பழுப்பேறிய நெற்றின் விதைதான் வேண்டும், பச்சைக் காயின் விதை உதவாது. ஓட்டை நீக்கி உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை மட்டும் நைசாக இடியுங்கள். நல்ல கலங்கல் என்றால் லிட்டருக்கு ஒரு விதை வரை பிடிக்கும், ஒரு குடத்துக்கு நாலு எந்த மூலைக்கு? பொடியை ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரில் பால் மாதிரி கரைத்து, துணியில் வடிகட்டி, குடத்தில் ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகக் கிளறுங்கள், அப்புறம் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக. அந்த மெதுவில்தான் எல்லாம் இருக்கிறது. மண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம், விதையின் புரதத்துக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டித் திரண்டு பஞ்சுப் பிசிறு போல மிதப்பது கண்ணுக்கே தெரியும், வேகமாக ஆட்டினால் அது உடைந்துவிடும். பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் குடத்தைத் தொடாதீர்கள்.

வண்டல்:
செய்முறை சரி, ஆனால் அப்படியே குடிக்க வேண்டாம். மண்ணோடு சேர்ந்து கிருமிகளில் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும், மொத்தமும் போகாது. விதையிலிருந்து கரைந்த சத்து தண்ணீரிலேயே தங்கிவிடுவதால் நேரம் போகப் போக மிச்சக் கிருமிகள் அதைத் தின்று மறுபடி பெருகும், உங்களுக்கு அடித்த வாடைக்கும் ராத்திரி முழுக்க வைத்திருந்தது காரணமாக இருக்கலாம். மேலாகத் தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு, அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

கைக்குழந்தை என்பதால் இன்னொன்று. உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் இந்த விதை எடுக்காது. நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், கொதிக்க வைத்தால் நீர் வற்றி நைட்ரேட்டின் அடர்த்தி கூடவே செய்யும். கிணற்று நீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

நெற்று:
தேத்தாங்கொட்டையும் இதே வேலையைச் செய்யும். சொரசொரப்பான கல்லில் சந்தனம் போல இழைத்து அந்த விழுதைக் கலக்க வேண்டும். ஆனால் நன்றாகத் தெரிந்தவர் காட்டிய கொட்டையை மட்டும் எடுங்கள். எட்டி இதே இனம்தான், அதன் கொட்டை பொத்தான் மாதிரி தட்டையாக இருக்கும், கடும் விஷம்.

கிணற்றடி:
நன்றி. இன்று காய்ந்த நெற்றிலிருந்து பத்து விதை எடுத்து, பத்து லிட்டரில் நீங்கள் சொன்னபடியே செய்தேன். இரண்டு மணி நேரத்தில் குடத்தின் அடி தெரிந்தது. இறுத்துக் கொதிக்க வைத்திருக்கிறேன், ஆனால் பரிசோதனை முடிவு வரும்வரை குழந்தைக்கு இந்தத் தண்ணீர் இல்லை.