வாரம் தவறாமல் தொட்டியைக் கழுவியும் தண்ணீர் கலங்குகிறது, ஃபைட்டர் மீன் சோர்ந்து நிற்கிறது

நீலவால்:
12 லிட்டர் கண்ணாடித் தொட்டி. ஒரே ஒரு ஆண் ஃபைட்டர், ஹாஃப்மூன் வகை (வாலை விரித்தால் அரைவட்டமாக இருக்கும்). ஏர் பம்பில் ஓடும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், 26 டிகிரியில் வைத்த ஹீட்டர், அடியில் கூழாங்கல், ஒரு அனுபியாஸ் செடி. வேறு மீனோ நத்தையோ இல்லை.

வாரம் ஒருமுறை முழுசாகச் சுத்தம் செய்கிறேன். மீனை ஒரு குவளையில் எடுத்து வைத்துவிட்டு, தண்ணீர் மொத்தத்தையும் கொட்டி, கல்லைக் குழாயடியில் அலசி, ஸ்பாஞ்சில் அழுக்கே வராமல் ஆகும்வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு மீனைத் திரும்ப விடுவேன். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தண்ணீரில் வெள்ளையாக ஒரு கலங்கல் வந்துவிடுகிறது. மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலேயே நிற்கிறது, அடிக்கடி காற்று வாங்குகிறது. வால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது. வாரக் கடைசியில் கொஞ்சம் தெளியும், அதற்குள் அடுத்த கழுவல் வந்துவிடும்.

வாரம் இரண்டு முறை கழுவ வேண்டுமா? பெரிய ஃபில்டர் வாங்கட்டுமா? நீல மருந்து ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா?

பாசிக்கல்:
மருந்து இப்போதைக்கு வேண்டாம். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மை) நான்கையும் அளந்து போடுங்கள். முக்கி எடுக்கும் ஸ்ட்ரிப்பை நம்பாதீர்கள், பல ஸ்ட்ரிப்புகளில் அம்மோனியாவுக்கான கட்டமே இருக்காது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட்தான் உதவும். அப்புறம், ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள்?

மேலே வந்து காற்று வாங்குவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஃபைட்டருக்கு லாபிரிந்த் என்ற உறுப்பு உண்டு, காற்றை நேரடியாக எடுத்துக்கொள்ளும். அது இயல்பு. துடுப்பு ஒடுங்கியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

குளத்தங்கரை:
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் சகோ. ஃபைட்டர் நெல்வயல் தண்ணீரில் கிடக்கிற மீன். நான் ஃபில்டர், ஹீட்டர் எதுவும் இல்லாமல் ஜாடியில் வைத்திருக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடுவேன், அவ்வளவுதான். ஃபில்டர் இழுப்பில்தான் வால் கிழியும். முதலில் அதைக் கழற்றுங்கள்.

தொட்டிவாசி:
குளத்தங்கரை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வயல் ஆழமில்லாததுதான். ஆனால் அதன் பரப்பு எவ்வளவு! அங்கே செடி, சேறு, நுண்ணுயிர் எல்லாம் கழிவைத் தின்றுகொண்டே இருக்கும். ஜாடியில் அது எதுவும் இல்லாததால்தான் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீங்கள் கைவேலை செய்ய வேண்டியிருக்கிறது. அது ஒரு வழி. ஃபில்டர் வைத்து நுண்ணுயிரிடம் வேலையை விடுவது இன்னொரு வழி. நீலவால் ஃபில்டரும் வைத்திருக்கிறார், அதிலுள்ள நுண்ணுயிரை வாராவாரம் கழுவியும் விடுகிறார். இரண்டு வழியின் பலனும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

நடப்பது இது. மீனின் செவுளிலிருந்தும், எச்சத்திலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா சேர்கிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அளவோடு இருக்கும்வரை தொல்லை இல்லை. இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. ஸ்பாஞ்சின் துளைகளில், கல்லின் மேல், கண்ணாடியில், இலையில் படலமாக ஒட்டியிருக்கும். அதனால்தான் தண்ணீரை மாற்றினால் அது போய்விடாது, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தால் போய்விடும். பிழிந்ததில் தப்பியதைக் குழாய்நீரின் குளோரின் கவனித்துக்கொள்ளும். துப்புரவு ஆட்களை எல்லாம் வேலையை விட்டு அனுப்பிவிட்டு, தெருவில் ஏன் குப்பை சேர்கிறது என்று கேட்கிற கதை.

வெள்ளைக் கலங்கல் வேறு கூட்டம். கரைந்திருக்கும் கரிமக் கழிவைத் தின்னும் பாக்டீரியா அது. தண்ணீரிலேயே மிதந்து படுவேகமாகப் பெருகும். போட்டிக்கு ஆளில்லாத புதுத் தொட்டியில்தான் இது அதிகம் வரும். உங்கள் தொட்டி வாராவாரம் புதுத் தொட்டி ஆகிவிடுகிறது. அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் மிக மெதுவாக வளரும். புதுத் தொட்டியில் அது நிலைகொள்ளப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஏழாம் நாள் கழுவினால் எங்கே நிலைகொள்ளும்?

நீல மருந்து மெத்திலீன் புளூவாக இருக்கும். பூஞ்சைக்குத் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பயன்படுத்துவது அது. தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும், தொட்டி மூலைகளின் சிலிக்கோன் பசையில் நீலக் கறை ஏறும். பெரிய ஃபில்டரும் வேண்டாம். ஒரு மீனுக்கு இந்த ஸ்பாஞ்ச் தாராளம்.

நீலவால்:
கிட் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நைட்ரைட் 0.25, நைட்ரேட் 5க்கும் கீழே, பி.எச். 7.8. தீனி காலையும் மாலையும் ஏழெட்டு உருண்டை போடுகிறேன். கடைசியில் சில அடியில் தங்கிவிடும்.

இப்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா?

பாசிக்கல்:
கொட்டாதீர்கள். 0.25 நைட்ரைட் தெரிகிறது என்றால் கொஞ்சம் பாக்டீரியா பிழைத்துக்கொண்டிருக்கிறது, அனுபியாஸ் இலையில் ஒட்டியதாகக்கூட இருக்கலாம். அதைக் காப்பாற்றுவோம்.

பி.எச். 7.8 என்பதால் உங்கள் 1 பி.பி.எம்.மைச் சாதாரணமாக எடுக்க முடியாது. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பங்குதான் கொடிய வடிவத்தில் இருக்கும். பி.எச். 7 இருந்தால் அந்தப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 26 டிகிரியில் பி.எச். 8 ஆனால் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். இதற்காக பி.எச்.சைக் குறைக்கும் திரவம் எதையும் ஊற்றிவிடாதீர்கள். ஃபைட்டருக்கு 7.8 பழகிவிடும், தினம் தினம் ஏறி இறங்கும் பி.எச்.தான் பழகாது.

இன்றைக்குப் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். கணக்கு நேரானது: பாதி மாற்றினால் 1 என்பது 0.5 ஆகும். நாளைக்கு மறுபடி அளந்து, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் கூட்டி 0.5க்கு மேல் வந்தால் திரும்பவும் பாதி. இரண்டும் சேர்ந்து 0.25 அளவில் இருந்தால் கை வைக்காதீர்கள், பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டும். சில வாரம் இப்படி அளந்து அளந்துதான் போக வேண்டும். மீனை வெளியே எடுக்காதீர்கள், தொட்டியிலேயே இருக்கட்டும். குவளைக்குப் போய் வரும் மிரட்சியே பாதிச் சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம்.

ஏர் பம்ப் குழாய்த் துண்டு ஒன்றை சைஃபனாக (தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் குழாயாக) வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சைஃபன் 12 லிட்டரை நொடியில் உறிஞ்சிவிடும், வாலையும் சேர்த்து இழுக்கும். எச்சம் சேரும் மூலையை மட்டும் உறிஞ்சினால் போதும், கல்லை வெளியே எடுக்க வேண்டாம். ஹீட்டரை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள், சூட்டோடு நீருக்கு வெளியே நின்றால் கண்ணாடி வெடிக்கும். புதுத் தண்ணீரைத் தனி வாளியில் எடுத்து, ஆன்டி குளோரின் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துத் தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஊற்றுங்கள். கையால் தொட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் தெரியவே தெரியாது.

தீனி பாதியாகட்டும். உருண்டை சின்னதாக இருந்தால் வேளைக்கு மூன்று நான்கு. மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள்.

குளத்தங்கரை:
குளோரினுக்கு மருந்து எதற்கு? வாளியில் ஒரு நாள் வைத்தால் தானே போய்விடுமே.

தொட்டிவாசி:
வெறும் குளோரின் என்றால் போய்விடும். சில ஊர்க் குழாய்நீரில் குளோரமின் போடுகிறார்கள். அது ஒரு நாள் வைத்தாலும் போகாது, சொட்டு வேண்டும். சொட்டு விட்டால் குளோரமின் உடைந்து அம்மோனியா வெளிவரும். அதனால் நீலவால், குழாய்நீரையும் ஒருமுறை சொட்டு விட்டு அளந்து பாருங்கள். அதிலேயே அம்மோனியா காட்டினால் உங்கள் கணக்கு மாறும். அப்போது அம்மோனியாவையும் கட்டிப்போடும் வகைச் சொட்டாக வாங்க வேண்டும்.

செம்பருத்தி:
வாலைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். நேராகக் கிழிந்த மாதிரி இருந்தால் எதிலாவது மாட்டியிருக்கும், அல்லது அதுவே கடித்திருக்கும். நீளவால் ஹாஃப்மூன் வாலின் பாரம் தாங்காமல் கடித்துக்கொள்வது உண்டு. ஓரம் கறுத்தோ சிவந்தோ, நாளுக்கு நாள் உள்ளே தேய்ந்துகொண்டே போனால் அது வால் அழுகல். தொடக்கநிலை அழுகலுக்குச் சுத்தத் தண்ணீரே மருந்து, பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நுனியில் கண்ணாடியாகப் புதுத் தசை தெரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். அழுகல் உடலை நெருங்கினால் மட்டும் மருந்தை யோசியுங்கள்.

ஃபில்டர் இழுப்பைப் பற்றி மேலே சொன்னதும் தவறில்லை. அதற்காகக் கழற்ற வேண்டாம், ஏர் குழாயில் ஒரு வால்வு போட்டுக் காற்றைக் குறைத்தால் போதும். காய்ந்த நாட்டு பாதாம் இலை ஒரு துண்டு போடலாம். தண்ணீர் தேயிலை நிறமாகும், அது அழுக்கு இல்லை. உடனே கழுவக் கிளம்பிவிடாதீர்கள்!

நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஸ்பாஞ்சோடு கட்டி வையுங்கள். வாரக் கணக்கில் நேரம் மிச்சம். அவருடைய மீன்களுக்கு நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

குளத்தங்கரை:
சரி, ஸ்பாஞ்ச் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜாடியில் என் மீன் நுரைக்கூடு கட்டுகிறதே? தண்ணீர் நன்றாக இருந்தால்தானே கட்டும்?

தொட்டிவாசி:
இல்லை. இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண் மோசமான தண்ணீரிலும் கட்டும். கூட்டைப் பார்த்து அம்மோனியாவைச் சொல்ல முடியாது. ஒருமுறை நீங்களும் அளந்து போடுங்களேன், இரண்டாம் நாள் மாலையில், தண்ணீர் மாற்றுவதற்குச் சற்று முன்னால்.

நீலவால்:
நிலவரம் சொல்லிவிடுகிறேன். நண்பரின் ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தது. குழாய்நீரில் அம்மோனியா இல்லை. கலங்கல் தானாகவே தெளிந்துவிட்டது. அம்மோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறியது, பாதி பாதியாக மாற்றிக்கொண்டே வந்தேன். இப்போது இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10. மீன் துடுப்பை விரித்து நீந்துகிறது, வால் ஓரத்தில் கண்ணாடித் தசை தெரிகிறது. இனி எவ்வளவு, எப்போது மாற்றுவது? ஸ்பாஞ்சைக் கழுவவே கூடாதா? ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் இன்னும் சுத்தம் இல்லையா?

பாசிக்கல்:
வாரம் ஒருமுறை மூன்று, நான்கு லிட்டர். நைட்ரேட் 20ஐத் தாண்டாமல் இருந்தால் அந்த அளவு சரி என்று பொருள், தாண்டினால் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்பாஞ்சைக் கழுவலாம். குமிழி குறைந்து அடைப்புத் தெரியும்போது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள். பழுப்பாகவே இருக்கட்டும். கல்லை ஆழமாக உறிஞ்சும் வாரத்தில் ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள்.

வெறும் ஆர்.ஓ. வேண்டாம். அதில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை, பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் இல்லாத தண்ணீரில் பி.எச். தடாலென்று சரியும். 6க்குக் கீழே போனால் நம் பாக்டீரியாவும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். குழாய்நீர் சரியாக இருக்கும்போது அதை விட வேண்டிய காரணமே இல்லை.

நீலவால்:
கடைசியாக ஒன்று. மூடி போட்டும் வாரத்துக்கு ஒரு விரற்கடை தண்ணீர் குறைகிறது. அதை நிரப்பும்போதும் சொட்டு வேண்டுமா? நிரப்பிவிட்டால் அந்த வாரம் மாற்ற வேண்டாமா?

பாசிக்கல்:
குழாய்நீர் என்றால் நிரப்புவதற்கும் சொட்டு வேண்டும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், நைட்ரேட்டும் உப்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் நிரப்புவதை மாற்றுவதாகக் கணக்கு வைக்காதீர்கள், வாராந்திர மூன்று, நான்கு லிட்டர் தனி. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள், மீன் மூச்சு வாங்கும் காற்று அங்கேதான் இருக்கிறது. ஃபைட்டர் குதிக்கும் மீன், மூடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.