கடலோர மொட்டைமாடிக்கு எந்தக் கிரில் அடுப்பு ஏற்றது?

அனைவருக்கும் வணக்கம். திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வஞ்சிரத் துண்டுகளையும் கோழித் தொடைகளையும் சுட்டெடுக்க, நெடுநாள் உழைக்கும் கிரில் அடுப்பு ஒன்றை வாங்க விரும்புகிறேன். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிற இடம் என்பதால், துருப்பிடிக்காமைதான் எனக்கு முதல் தேவை. மாலிப்டினம் கலந்த 316 ரக எவர்சில்வர், 304 ரகத்தைவிட உப்பை நன்கு தாங்கும் என்பதை அறிவேன். ஆனால் கடையில் ரகத்தைக் கேட்டால், காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். (நிக்கல் குறைந்த, மலிவான 202 ரகத்திலும்தான் காந்தம் ஒட்டாது!)

எரிவாயு அடுப்பு வசதியானது என்றாலும், என் மனம் கரியடுப்பையே நாடுகிறது. 1952இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் உருவாக்கிய மூடியுள்ள கெட்டில் வகையில், கரியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மறுபக்கம் இறைச்சியை வைத்து, காற்றுத் துளைகளைத் திறந்தும் குறைத்தும் கருகாமல் வேகவைக்கலாம். கடலோரத்தில் இவ்வகையைப் பயன்படுத்துவோர், அதன் எனாமல் பூச்சு எத்தனை ஆண்டுகள் தாங்குகிறது, வார்ப்பிரும்புத் தட்டை எண்ணெய் தடவிப் பராமரிப்பது நடைமுறையில் இயலுமா, சென்னையில் உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும் என்பவற்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். நாங்கள் நால்வர், 57 செ.மீ. விட்டம் போதுமா என்பதையும் கூறுங்கள்.