தாத்தா வீடு குழு: அழைப்பிதழில் சம்பு

மாலா அத்தை: அச்சகத்தில் 4 மணிக்குள் கேட்கிறார்கள். அண்ணனின் மணிவிழா அழைப்பிதழில் அருண் பெயரோடு யார் பெயரைப் போடுவது? "நானும் என் சம்புவும் வருகிறோம்" என்கிறான். யார் அது?

செந்தில்: நாய்க்குட்டியா?

பெரியப்பா: சம்பு என்றால் சிவபெருமான். சம்போ என்பது விளி வேற்றுமை.

கவிதா: பெரியப்பா, அது சுவீடிஷ் சொல். 'சம்' என்றால் சேர்ந்து, 'பூ' என்றால் குடியிருப்பது. சேர்ந்து வாழ்பவர் என்ற நீளமான சொல்லைச் சுருக்கிவிட்டார்கள். திருமணம் செய்யாமல் ஒரே வீட்டில் இணையராக வாழ்பவர் என்று பொருள். இவர்களுக்கென்று 2003இல் வந்த சட்டமே இருக்கிறது. பிரிந்தால், சேர்ந்து வாழ வாங்கிய வீடும் சாமான்களும் சரிபாதி. ஆனால் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மற்றவர் வாரிசு அல்ல.

சித்தி: சிவ சிவா.

மாலா அத்தை: ஆணா, பெண்ணா?

கவிதா: சொல்லில் தெரியாது அத்தை. சுவீடிஷ் பெயர்ச்சொல்லுக்கு 'என்', 'எத்' என்று இரண்டே பால். 'ஒரு சம்பு' என்பதற்கு அங்கே 'என் சம்பூ'. 'அந்தச் சம்பு' என்றால் முன்னால் எதுவும் வராது, கடைசியில் ஒட்டி 'சம்பூன்' ஆகும். பன்மை 'சம்பூர்'.

செந்தில்: பன்மையா!

கவிதா: தனித்தனி வீட்டில் இருக்கும் இணையர் 'சேர்பூ'. வளர்ந்த பிறகும் அம்மா வீட்டிலேயே இருப்பவர் 'மம்பூ'.

சித்தி: செந்தில், உனக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: வடமொழியிலும் சம் அதேதான். சங்கமம், சம்பந்தம்.

மாலா அத்தை: சம்பந்தமா இல்லையா என்பதுதானே கேள்வி! கவிதா, நீயும் சுவீடனில்தானே இருக்கிறாய், பார்த்ததில்லையா?

கவிதா: நான் வடகோடிக் கிருனாவில், அவன் தென்கோடி மால்மோவில்.

சித்தி: என் திருமண அழைப்பிதழில் என் அப்பா பெயரையே விட்டவர்களுக்கு இப்போது இவ்வளவு யோசனை.

மாலா அத்தை: அது அச்சகத்தின் தவறு என்று எத்தனை முறை சொல்வது? சமையல்காரர் கேட்கிறார், பாயசம் அடையா, பருப்பா?

செந்தில்: அடை.

சித்தி: பெரியவருக்குச் சர்க்கரை இருக்கிறது.

செந்தில்: அருண் படித்துவிட்டான். ஏதோ எழுதுகிறான்.

செந்தில்: நிறுத்திவிட்டான்.

மாலா அத்தை: மணி 4. 'அருண் - சம்பு' என்று அடிக்கச் சொல்லிவிட்டேன். யார் வந்தாலும் பொருந்தும்.

கவிதா: அத்தை, அது பெயர் அல்ல!

பெரியப்பா: ஒற்றுப்பிழை இல்லை.

சித்தி: பாயசம் என்ன முடிவாயிற்று?