அம்மாவின் ஈறு வீக்கம்: அடைத்த பொருளா, அதன் விளிம்பா?

வணக்கம். பல் மருத்துவம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில், இடுக்கில் ஈறை ஒட்டி, காம்போசிட் (பல் நிறத்தில் இருக்கும் பிசின்) வைத்து அடைத்து எட்டு மாதம் ஆகிறது. அந்த ஓரத்து ஈறு மட்டும் சிவந்து உப்பியிருக்கிறது. பிரஷ் பட்டாலே ரத்தம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலை விட்டால் அங்கே மாட்டி, நார் நாராகப் பிரிந்து வருகிறது. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு, அதனால்தான் இந்தப் பதற்றம்.

படித்ததில் எனக்குப் புரிந்தது: ஈறில் அழற்சி வந்தால் வெள்ளை அணுக்கள் எம்.எம்.பி-8 என்ற நொதியை விடும். அது ஈறைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தையே அறுக்கும். காம்போசிட் சரியாக இறுகாவிட்டால் அதிலிருந்து மோனோமர்கள் (பிசினில் பிணையாமல் தங்கிய சிறு மூலக்கூறுகள்) கசிந்து ஈறை உறுத்தலாம். அடைப்பின் விளிம்பு பல்லைத் தாண்டிப் பிதுங்கியிருந்தால் அழுக்குப் படலம் சேர்ந்தும் அதே அழற்சி வரும். நூல் கிழிவதைப் பார்த்தால் எனக்கு விளிம்பின் மேல்தான் சந்தேகம்.

பிதுக்கத்தைத் தேய்த்துவிட்டால் போதுமா? இல்லை, மொத்தமாக எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் என்ற வேறு அடைப்புப் பொருளை வைக்கச் சொல்லலாமா? அது ஃபுளோரைடு விடும், சரி. கடைவாயில் மெல்லும் அழுத்தத்தைத் தாங்குமா? அப்புறம், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஊறும் நீரில் அந்த எம்.எம்.பி-8 நொதியை அளந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். அதற்குள் என்ன கேட்க வேண்டும் என்று சொன்னால் பெரிய உதவி.