மதர் மாறிய நாளில் நீங்கள் பார்த்தது என்ன?

பழைய போர்டிங் பொண்ணு, பெங்களூரு:

எங்கள் போர்டிங்கில் படித்தவர்களுக்கு அந்த மதர், கான்வென்ட் தலைவி, யார் என்று தெரியும், பெயர் வேண்டாம். ஆறு வருடம் தலைவியாக இருந்தார். மே மாதம் ட்ரான்ஸ்பர் லிஸ்ட் வந்துவிட்டது. அவருக்குத் தமிழ்நாட்டில் ஒரு கிராமம், இங்கே வந்தவர் மங்களூர்க்காரர். சர்டிபிகேட் விஷயமாக நான் போனபோது பொறுப்பு கைமாறி முடிந்திருந்தது. பழையவர் ரயிலுக்குக் காத்திருக்கிற நாட்கள் அவை.

ஆபீஸில் புது மதர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மேஜையில் சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியிலும் பிளாஸ்திரி ஒட்டி 'ஸ்டோர்', 'கோயில்', 'மாடி' என்று பழையவர் கையெழுத்து. அப்போது கதவை மெல்லத் தட்டிக்கொண்டு அவரே வந்து நிற்கிறார், கையில் குடை. அடுத்த தெருவில் பக்கவாதத்தில் கிடக்கிற பாட்டிக்கு நற்கருணை கொண்டுபோகிற நேரம். "மதர், பாட்டியைப் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

புது மதர் நோவிஸாக, அதாவது பயிற்சிக் கன்னியராக, இருந்தபோது பழையவர்தான் அவருக்கு நோவிஸ் மிஸ்ட்ரஸ், பயிற்சி கொடுத்தவர். ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவர். அந்தப் புது மதர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார், முகமெல்லாம் சிவந்துவிட்டது. "போயிட்டு வாங்க சிஸ்டர்" என்றார். பழையவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நம் வீடுகளில் மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்குச் சாவி போவதற்கே வருடக் கணக்கு ஆகிறது. இங்கே ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது. எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பாட்டியைப் பல வருடமாகப் பார்த்துவருகிறவர் எதற்காக அனுமதி கேட்க வேண்டும்? அப்புறம் யோசித்தால், அவர் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லையே என்றும் தோன்றுகிறது. எதை நம்புவது என்று இன்னும் தெரியவில்லை. இதே மாதிரி பார்த்தவர்கள் எழுதுங்கள்.

தாராவி 90 அடி ரோடு:

மேலே அக்கா எழுதியது கேட்க அழகாக இருக்கிறது. சாவி கைமாறுவது உள்ளே இருப்பவர்களுக்கு. வெளியே நிற்கிற எங்களுக்கு என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் பக்கம் ஒரு சிஸ்டர் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் பெண்களுக்குச் சேமிப்புக் குழு நடத்தினார். இட்லி வியாபாரம் செய்கிறவர்கள், தோல் பட்டறைக்குப் பை தைக்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். வாரம் ஐம்பது ரூபாய். ஜூன் மாதம் வட்டிக்காரனிடம் போகாமல் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டினோம் என்றால் அந்தக் குழுவால்தான். ஒரு ஞாயிறு சிஸ்டர் வரவில்லை. என்னவென்று விசாரித்தால் மாற்றலாகிப் போய்விட்டார் என்கிறார்கள். பூசையில் ஒரு வரி அறிவிப்புகூட இல்லை.

புது சுப்பீரியர், அதாவது இல்லத் தலைவி, வந்த அடுத்த வாரம் எங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசல் திண்ணையில் வைத்திருந்தார்கள். உள்ளே எல்லோருடைய குழுச் சேமிப்புப் பாஸ்புக், கணக்கு நோட்டு, ரசீதுக் கட்டு. "இது எங்கள் இல்லத்துப் பணி இல்லை, இந்தக் கணக்கு இங்கே இருக்கக் கூடாது" என்று இந்தியில் சொன்னார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். மழைச் சாரல் பெட்டி மேல் அடித்துக்கொண்டிருந்தது. இட்லி விற்கிற அக்கா ஒருவர் பேசாமல் முந்தானையால் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்கத் துடைக்க மறுபடி நனைகிறது. அதுதான் எனக்குக் கண்ணை விட்டுப் போகவில்லை.

மேலிடத்துக்கு வேண்டியவர்களைத்தான் பதவியில் போடுகிறார்கள், உள்ளுக்குள் ஓட்டுப் பிடிக்கிறார்கள், மொழி பார்க்கிறார்கள் என்று வெளியே பேச்சு இருக்கிறது. இப்படி நடந்தால் பேசத்தான் செய்வார்கள்.

டெல்லி சிஸ்டர்:

தாராவி சகோதரிக்கு. உங்கள் பெட்டி நனைந்தது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஓட்டு விஷயத்தை அப்படியே விட முடியாது.

பெரும்பாலான கன்னியர் சபைகளில் இல்லத் தலைவியை மாநிலத் தலைவி, அதாவது சபையின் ஒரு பகுதிக்குப் பொறுப்பானவர், தன் ஆலோசகர்களோடு கலந்து நியமிக்கிறார். சபை முழுவதற்கும் தலைவியான மதர் ஜெனரலுக்குத்தான் கட்டாயம் தேர்தல், திருச்சபைச் சட்டம் 625 அதைச் சொல்கிறது. தனக்காகவோ பிறருக்காகவோ, நேராகவோ மறைமுகமாகவோ ஓட்டுச் சேகரிக்கக் கூடாது என்று அடுத்த சட்டமே, 626, தடுக்கிறது. 624 இன்னொன்று சொல்கிறது: பதவிக்குக் காலவரையறை வேண்டும், ஒருவரே இடைவெளியில்லாமல் நெடுங்காலம் பொறுப்பில் இருக்கக் கூடாது. முதலில் எழுதிய சகோதரி பார்த்தது இதன் பலன். யாரும் நாற்காலியைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். மனித பலவீனம் எங்களிடமும் உண்டு, மொழி பார்ப்பதும் சில இடங்களில் உண்டு. அதற்காக எல்லாமே அப்படித்தான் என்றால் ஏற்க மாட்டேன்.

என் மனதில் நிற்பது சபையின் ஒரு மாநிலப் பேரவை, அந்தப் பகுதிச் சகோதரிகளின் கூட்டம். எங்கள் சபையில் மாநிலத் தலைவிக்கும் வாக்கெடுப்பு உண்டு. முதல் சுற்றில் பெரும்பான்மை வரவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் சீட்டைப் பிரித்த சிஸ்டர் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பெயருக்கு உரியவர் என் பக்கத்தில்தான் இருந்தார். ஜெபமாலையை உருட்டவில்லை, ஒரே மணியை அழுத்திப் பிடித்திருந்தார், விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. "ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டதும் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு "ஆகட்டும்" என்றார்.

அவர் நர்ஸ். ஒரு குடிசைப் பகுதி டிஸ்பென்சரியை அவர் ஒருவர்தான் தாங்கிக்கொண்டிருந்தார். காசநோய்க்காரர்கள் மாத்திரையைப் பாதியில் விடாமல் இருந்தார்கள் என்றால், விட்டால் அவர் வீட்டுக்கே போய் நிற்பார் என்கிற பயத்தால்தான். நல்ல தலைவி கிடைத்தார் என்று நாங்கள் கைதட்டினோம். அந்த டிஸ்பென்சரிக்கு நெடுநாள் சரியான ஆள் கிடைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேண்டாம் என்று சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. அன்றைக்கு அந்த அறையில் அதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

பதவி விட்டவர் புதியவருக்குக் கீழே இருப்பது பற்றி ஒன்று. 1990-லேயே அன்னை தெரேசா உடல்நிலை காரணமாகத் தன் சபையின் தலைமையிலிருந்து விலக நினைத்தார், சகோதரிகள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1997 மார்ச்சில்தான் சிஸ்டர் நிர்மலா தலைவியாக வந்தார். அன்னை இறந்தது அதே வருடம் செப்டம்பர் 5. இடைப்பட்ட மாதங்களில் சபையைத் தொடங்கியவரே, தனக்குப் பின் வந்தவரின் தலைமையின் கீழ்தான் இருந்தார். 2009-ல் ஜெர்மனியைச் சேர்ந்த சிஸ்டர் பிரேமா, 2022-ல் கேரளத்தைச் சேர்ந்த சிஸ்டர் மேரி ஜோசப். கல்கத்தாவில் தொடங்கிய சபைக்கு இதுவரை வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் மொழிப் பேச்சுக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

சண்டையே வராது என்றும் சொல்லவில்லை. மரியின் பிரான்சிஸ்கு மறைபரப்புக் கன்னியர் சபை எப்படிப் பிறந்தது என்று நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. நம் மதுரை மறைத்தளத்தில் (மறைபரப்புப் பகுதியில்) பரிகாரக் கன்னியர் சபைக்குள் வந்த பிளவால் 1876-ல் இருபது சகோதரிகள் பிரிந்து ஊட்டிக்குப் போனார்கள். 1877-ல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் புதுச் சபைக்கு அனுமதி கொடுத்தார். தொடங்கிய அன்னை மரி தெ லா பஸியோனையே 1883-ல் தலைமையிலிருந்து இறக்கினார்கள். விசாரணையில் அவர் மேல் குற்றமில்லை என்று ஆனபின் 1884-ல் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடைக்காலத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

கணக்கு பார்க்கிறவன், மயூர் விஹார்:

சிஸ்டர் எழுதியதெல்லாம் உண்மை. நான் பார்த்தது வேறு வகை. ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல்காரர், வாட்ச்மேன் யாருக்கும் சம்பளம் போகவில்லை. பேங்கில் பணம் இருக்கிறது. ஓடிபி மட்டும் பழைய சுப்பீரியர் போனுக்குப் போகிறது, அவர் வடகிழக்கில் சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில். வாட்ச்மேன் தினமும் ஆபீஸ் கதவருகே வந்து நிற்பார், ஒன்றும் கேட்க மாட்டார், போய்விடுவார். புது சுப்பீரியர் அவரைப் பார்க்க முடியாமல் பின்வாசல் வழியாகக் கோயிலுக்குப் போனார்.

கேட்காமலே சொல்கிறேன், தயவுசெய்து எல்லா சிஸ்டர்களிடமும் சொல்லுங்கள். லிஸ்ட் வந்த அன்றே கவுன்சில் கூடிப் பேங்க் கையெழுத்து மாற்றத் தீர்மானம் போட வேண்டும். வழியனுப்பு விழா அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பேங்கிலும், பான் கணக்கிலும், வருமான வரித் தளத்திலும் தனி ஆளின் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள், இல்லத்துக்கென்று ஒரு சிம் வாங்கி அலமாரியில் வையுங்கள். 1860-ஆம் வருடத்துச் சங்கங்கள் சட்டத்தில் பதிவான அமைப்பு என்றால் நிர்வாகிகள் பட்டியலை வருடா வருடம் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். ஆள் மாறியும் பழைய பெயர்களே அங்கே இருந்தால் பின்னால் நிலப் பத்திரத்தில் வந்து நிற்கும். வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறவர்கள் முக்கிய நிர்வாகிகள் மாறியதை எஃப்சி-6 படிவத்தில் ஆன்லைனில் காலக்கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் இங்கே டெல்லி சன்சத் மார்க் ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வரும், நிர்வாகிகளின் ஆதாரும் கேட்பார்கள். இதில் அலட்சியம் கூடாது. அன்னை தெரேசா சபைக்கே 2021 டிசம்பரில் புதுப்பிப்பை மறுத்தார்கள், 2022 ஜனவரியில்தான் திரும்பக் கிடைத்தது. இன்னொன்று, உதவிபெறும் பள்ளிகளில் வேலைபார்க்கிற சிஸ்டர்களின் சம்பளத்திலும் வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சம்பளத்தைச் சபைக்கே கொடுத்துவிடுகிறோம் என்ற வாதம் எடுபடவில்லை. வருகிற தலைவிக்கு இதையும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

தாராவி அக்கா சொன்ன சுப்பீரியர் செய்ததில் பாதி சரி என்பேன். பிறர் பணம் இல்லத்துப் பெட்டியில் இருந்தால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

தாராவி 90 அடி ரோடு:

பாதி சரி என்று டெல்லியில் உட்கார்ந்து சொல்வது எளிது அண்ணா. பணத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமேல் உங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்குங்கள், நான் கூட வருகிறேன்" என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? எங்களில் முக்கால்வாசிப் பேர் அதுவரை பேங்க் வாசலை மிதித்ததில்லை.

லிங்கராஜபுரம் நர்ஸ், பெங்களூரு:

அக்கா பக்கம்தான் நானும். நான் நேரில் பார்த்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

எங்கம்மா ஒரு கான்வென்டில் சமையல். புது மதர் வந்த அன்று மாலை எல்லோரும் ஹாலில் காத்திருக்கிறார்கள், மாலை, சால்வை எல்லாம் தயார். அவர் நேரே சமையலறைக்கு வந்துவிட்டார். அம்மா மாவுக் கையோடு நிற்கிறார். பெயர், ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், முட்டி வலி எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். தமிழ் சரியாக வராது, கன்னடமும் தமிழும் கலந்துதான் கேட்டார். பழைய மதர் பக்கத்தில் நின்று விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தார். மறுநாளிலிருந்து இருவரும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். நோயாளிகள் வீடு, ட்யூஷன் பிள்ளைகள் வீடு, அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டம். எல்லா இடத்திலும் பழையவர் ஒரே வார்த்தை சொன்னார்: "இனி இவங்ககிட்ட கேளுங்க." ட்யூஷன் நிற்கவில்லை, இன்றைக்கும் நடக்கிறது.

இதே ஊரில் 1886-ல் நல்லாயன் கன்னியர் தொடங்கிய செயின்ட் மார்த்தா ஆஸ்பத்திரி இருக்கிறது. எத்தனை தலைவிகள் வந்து போயிருப்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் ரிஜிஸ்டர், டிபார்ட்மென்ட், ஆள் மாற்று எல்லாம் உண்டு, அதனால் நிற்கிறது. ஒரு சிஸ்டர் தன் சொந்த அன்பால் தொடங்குகிற சின்னப் பணிக்கு அது எதுவும் கிடையாது. அந்தப் பணிகள்தான் லிஸ்ட் வருகிற மே மாதத்தில் செத்துப்போகின்றன. பெரிய ஸ்தாபனத்துக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியையாவது இவற்றுக்குக் காட்டினால் போதும்.

டெல்லி சிஸ்டர்:

லிங்கராஜபுரம் சகோதரி சொல்வதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். தாராவி சகோதரி, உங்கள் குழு இப்போது இருக்கிறதா?

தாராவி 90 அடி ரோடு:

இருக்கிறது சிஸ்டர். பாதிப் பேர் விலகிவிட்டார்கள். மீதிப் பேர் இட்லி அக்கா வீட்டு மாடியில் கூடுகிறோம், பேங்கில் எங்கள் பெயரிலேயே கணக்கு. கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். போகிற சிஸ்டர் வருகிற சிஸ்டரை ஒரே ஒரு ஞாயிறு எங்கள் முன்னால் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்று எங்கேயாவது எழுதிவைக்க முடியுமா?

டெல்லி சிஸ்டர்:

முடியும். பொதுப்பேரவைக்குச் சபையின் எந்த உறுப்பினரும் தன் விருப்பத்தையும் ஆலோசனையையும் எழுதி அனுப்பலாம், சட்டம் 631-லேயே இருக்கிறது. எங்கள் பேரவைக்கு இப்போது கருத்துக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் சபை வேறாக இருந்தாலும் பரவாயில்லை. நடந்ததைப் பெட்டி, மழை எல்லாம் சேர்த்து நீங்கள் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், ஆங்கிலத்தில் மாற்றி என் கடிதத்தோடு இணைக்கிறேன். லிங்கராஜபுரம் சகோதரி, அந்த இரண்டு மதர்களும் எத்தனை நாள் ஒன்றாக வீடு வீடாகப் போனார்கள் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதையும் சேர்க்க வேண்டும்.